எந்த ஆயிரத்தில் எத்தனை? குழந்தை வயிற்றிலேயே இறக்கும் அபாயத்தைக் கணக்கிடுவது பற்றி

"முப்பத்தஞ்சு வயசு, சுகர் வேற இருக்கு, குழந்தை வயித்துலயே இறந்துபோக எவ்வளவு சான்ஸ்?" தூக்கம் வராத கர்ப்பிணிகள் ராத்திரியில் போனில் தேடுகிற கேள்வி இது. வருகிற எண்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. ஓரிடத்தில் ஆயிரத்துக்கு 3 என்று இருக்கும், இன்னோரிடத்தில் 6, இந்தியா என்று போட்டுத் தேடினால் 14. மூன்றுமே சரியாக இருக்கலாம். ஆயிரம் என்று யாரை எண்ணினார்கள், எந்த வாரத்திலிருந்து எண்ணினார்கள் என்பதில்தான் சிக்கல்.

அமெரிக்காவில் 20 வாரம் முடிந்த பிறகு நிகழும் இறப்புகள் கணக்கில் வரும். பிரிட்டனில் 24 வாரம். நாடுகளை ஒப்பிடும்போது உலக சுகாதார நிறுவனம் 28 வாரத்தை எல்லையாக வைக்கிறது. 2020-ல் அமெரிக்காவின் எண் ஆயிரத்துக்கு 5.7, அதையே 28 வாரத்திலிருந்து எண்ணினால் ஏறக்குறைய பாதியாகிவிடும். இதனால் ஒரு குழந்தைகூடக் கூடுதலாகப் பிழைத்துவிடவில்லை, கோட்டைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். இந்தியாவுக்கு ஐநா அமைப்புகள் 2019-க்குப் போட்ட மதிப்பீடு 28 வாரக் கணக்கில் 13.9, அதாவது ஏறத்தாழ 3.4 லட்சம் குழந்தைகள். இதை 2030-க்குள் ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது 2014-ல் மத்திய அரசு வெளியிட்ட செயல்திட்டத்தின் இலக்கு.

உலக அளவில் இந்த இறப்புகளில் நாற்பது சதவீதத்துக்கு மேல் பிரசவ வலி தொடங்கிய பிறகு நடப்பவை. பிரசவ அறையில் குழந்தையின் இதயத்துடிப்பை யார் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டார்கள், ஆபரேஷன் தியேட்டர் எவ்வளவு சீக்கிரம் தயாரானது என்பதைப் பொறுத்த கதை அது. இங்கே எழுதப்போவது வலி வருவதற்கு முந்தைய வாரங்களைப் பற்றி. கர்ப்பிணியும் வீட்டாரும் கொஞ்சமாவது கையில் எடுக்கக்கூடிய பகுதி அதுதான்.

முதலில் கணக்கு. 1987 வரை வாரவாரியான அபாயத்தை ஒரு தப்பான வகுத்தலில் போட்டுக்கொண்டிருந்தார்கள். 41-வது வாரத்தில் இறந்து பிறந்தவை எத்தனை, அந்த வாரத்தில் மொத்தம் பிறந்தவை எத்தனை, வகுத்தால் விடை. பார்க்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அபாயத்தில் இருப்பது அந்த வாரம் பிறந்த குழந்தைகள் மட்டுமா? இன்னும் வயிற்றில் இருக்கும் அத்தனை குழந்தைகளும்தானே! யூட்கின், வுட், ரெட்மேன் என்ற மூவர் அந்த ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் எழுதியது இதைத்தான்.

ஒரு கற்பனைக் கணக்கு. 37-வது வாரம் தொடங்கும்போது 10,000 பேர் கர்ப்பமாக இருக்கிறார்கள். அந்த வாரம் 500 பேருக்குப் பிரசவம், ஒரு குழந்தை இறந்து பிறக்கிறது. 41-வது வாரம் தொடங்கும்போது மிச்சம் 1,500 பேர். அந்த வாரம் 1,200 பிரசவம், இரண்டு இறப்பு. பழைய முறையில் போட்டால் 37-ல் ஆயிரத்துக்கு 2, 41-ல் 1.7. நாள் தள்ளத் தள்ள அபாயம் குறைவது போலத் தெரியும். வயிற்றில் இருப்பவர்களை வைத்துப் போட்டால் 37-ல் 0.1, 41-ல் 1.3. பதின்மூன்று மடங்கு. எண்கள் அதேதான், கீழே வைத்து வகுத்த தொகைதான் வேறு.

உண்மையான தரவும் இதே பக்கம்தான் சாய்கிறது. 2019-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு ஒன்றரைக் கோடி கர்ப்பங்களைச் சேர்த்துப் பார்த்தது. 37-வது வாரத்தில் ஆயிரத்துக்கு 0.11 ஆக இருந்த அபாயம் 42-ல் 3.18 ஆக ஏறியிருந்தது. 40 வாரம் முடிந்தும் இன்னும் ஒரு வாரம் காத்திருக்கும் 1,449 பேரில் ஒருவருக்குக் கூடுதலாக ஒரு இழப்பு. இந்தக் கடைசி வாக்கியத்தை இரண்டு விதமாகவும் வாசிக்கலாம், இரண்டும் உண்மை: காத்திருக்கும் 1,448 பேருக்கு இந்த விபரீதம் கூடுதலாக நடக்காது, நடக்கும் அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டிச் சொல்ல வழியும் கிடையாது. ஸ்வீடனில் 41 வாரத்தில் பிரசவ வலி வர மருந்து வைப்பதா, 42 வரை பார்ப்பதா என்று 2,760 பெண்களிடம் நடந்த ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். காத்திருந்த குழுவில் ஆறு குழந்தைகள் இறந்திருந்தன, ஐந்து வயிற்றிலேயே. மருந்து வைத்த குழுவில் ஒன்றும் இல்லை. "தானா வலி வரட்டும், அவசரம் என்ன" என்பதற்கு 41 வாரம் வரை இடம் உண்டு. அதற்கு மேல் இல்லை என்பது என் கருத்து.

வெளிநாட்டுத் தமிழர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத் தரவில், தெற்காசியாவில் பிறந்த பெண்களுக்கு இந்த ஏற்றம் முன்னதாகவே தொடங்குவது தெரிந்தது. அதை வைத்து மெல்பர்னின் மோனாஷ் ஹெல்த் என்ற மருத்துவமனை அமைப்பு, அவர்களுக்கு 39 வாரத்திலிருந்தே கண்காணிப்பைத் தொடங்கியது. சிட்னியிலோ லண்டனிலோ டொரொண்டோவிலோ இருப்பவர்கள் "எங்களுக்கும் 41 வரை காத்திருப்பதா?" என்று கேட்பதில் தவறே இல்லை.

இத்தனை கணக்கும் வாரம் சரியாக இருந்தால்தான் செல்லும். நம் வீடுகளில் கர்ப்பம் மாதத்தில்தான் ஓடுகிறது; "எட்டு முடிஞ்சு ஒன்பது" என்றால் 32 வாரமாகவும் இருக்கலாம், 36 ஆகவும் இருக்கலாம். அதைவிடப் பெரிய குழப்பம் ஸ்கேன் ரிப்போர்ட்டில். ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் அந்த ஸ்கேன் அளவுப்படி ஒரு பிரசவத் தேதி அச்சாகி வரும். வீட்டார் கடைசியாக வந்ததையே புதுத் தேதி என்று எடுத்துக்கொள்கிறார்கள். தேதி என்பது முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேனில், தலையிலிருந்து பிட்டம் வரை அளந்து போட்டது. அதில் பிழை ஐந்து முதல் ஏழு நாள். கடைசி மூன்று மாத ஸ்கேனில் பிழை மூன்று வாரம் வரை போகும். முதல் ஸ்கேன்படி 34 வாரமாக இருக்கும் குழந்தை, புது ஸ்கேனில் 31 வார அளவில் இருந்தால், "நாள் கம்மி போல, தேதி தள்ளிப்போகுது" என்று சொல்லிவிடக் கூடாது. தேதியை மாற்றிய அந்த நிமிடமே, வளர்ச்சி குன்றிய குழந்தை காகிதத்தில் சரியான குழந்தையாகிவிடுகிறது. முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டை ஃபைலின் முதல் பக்கத்திலேயே வையுங்கள்.

அடுத்து "இத்தனை மடங்கு" என்ற பேச்சு. மடங்கைக் கேட்டதும் பதறாமல், எதன் மடங்கு என்று கேட்க வேண்டும். முன்பு ஒரு குழந்தை இறந்து பிறந்தவர்களுக்கு மறுபடி நடக்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று 2015-ல் ஒரு தொகுப்பாய்வு சொன்னது. அதே ஆய்வின் நேரடி எண்கள்: முன்பு இழந்தவர்களில் 2.5 சதவீதம், இழக்காதவர்களில் 0.4 சதவீதம். அடுத்த முறை நூற்றில் தொண்ணூற்றேழு பேருக்கு மேல் உயிருள்ள குழந்தையோடுதான் வீடு திரும்புகிறார்கள் என்பதும் அதே எண்தான். அதற்காக அலட்சியமாக இருக்கலாம் என்றில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும்.

மடங்குகளை ஒன்றோடொன்று பெருக்குவது இன்னொரு தவறு. வயது, உடல் எடை, பிரஷர், சுகர் என்று நான்கு இருந்தால் நான்கையும் பெருக்கி ஒரு பயங்கர எண்ணை வரவழைக்கலாம். ஆனால் வயதும் எடையும் கூடினால் பிரஷரும் சுகரும் வருவது சகஜம். எல்லாமே பெரும்பாலும் நஞ்சு (குழந்தைக்கு உணவும் மூச்சும் தரும் பிளாசென்டா) சரியாக வேலை செய்யாமல் போவது என்ற ஒரே வாசல் வழியாக நுழைபவை. ஒரே வாசலில் நான்கு முறை டிக்கெட் கிழித்தால் கூட்டம் நான்கு மடங்காகாது. தாயின் விவரங்களைப் போட்டால் அபாயம் சொல்லும் சூத்திரங்களும் வந்திருக்கின்றன. வேறு மக்கள்தொகையில் வைத்துச் சோதித்தபோது, பிரித்தறியும் திறன் 0.53-க்கும் 0.65-க்கும் நடுவில்தான் நின்றது. ஒரு தப்பும் இல்லாமல் பிரித்தால் 1, நாணயம் சுண்டிப் போட்டால் 0.5. ஆப்பில் வரும் சதவீதத்துக்கு நான் அதற்கு மேல் மரியாதை தருவதில்லை.

ஒரு முறை கணித்து மடித்து வைக்க இது ஜாதகம் இல்லை. பத்தாவது வாரத்தில் தெரிவதைவிட முப்பத்திரண்டாவது வாரத்தில் வயிற்றை அளந்தால் தெரிவது அதிகம். பர்மிங்காம் இருக்கும் மேற்கு மிட்லாண்ட்ஸ் பகுதியில் நடந்து 2013-ல் வெளியான ஓர் ஆய்வு இதை நன்றாகக் காட்டுகிறது. வளர்ச்சி சரியாக இருந்த கர்ப்பங்களில் இறப்பு ஆயிரத்துக்கு 2.4. வளர்ச்சி குன்றியது முன்பே தெரிந்திருந்தால் 9.7. குன்றியிருந்தும் யாருக்கும் தெரியாமல் போயிருந்தால் 19.8. கடைசி இரண்டையும் திரும்பப் பாருங்கள். குறை ஒன்றே, கண்டுபிடித்ததும் விட்டதும் மட்டும் வேறு. பாதிக்குப் பாதி.

கண்டுபிடிக்கத் தேவையான முதல் கருவி தையற்காரர் வைத்திருப்பது போன்ற ஒரு டேப். சிறுநீர் கழித்துவிட்டுப் படுக்க வேண்டும், நிரம்பிய மூத்திரப்பை இரண்டு மூன்று சென்டிமீட்டரைக் கூட்டிக் காட்டிவிடும். செவிலியர் கையின் சுண்டுவிரல் பக்க விளிம்பால் மேலிருந்து அழுத்தி வந்து கர்ப்பப்பையின் உச்சியைப் பிடிப்பார். அங்கிருந்து நடுவயிற்றின் வழியாக, அடியில் இருக்கும் இடுப்பு முன்னெலும்பின் மேல் விளிம்பு வரை டேப். எண் இருக்கும் பக்கம் கீழே பார்க்க வேண்டும்; அளந்து முடித்த பிறகே திருப்பிப் பார்ப்பது முறை. இல்லாவிட்டால் "30 வாரம்தானே" என்று மனம் 30-ஐயே வாசித்துவிடும். 24 வாரத்துக்குப் பிறகு சென்டிமீட்டரும் வாரமும் ஏறக்குறைய ஒன்றாக ஓடும், இரண்டு மூன்று முன்பின் போகலாம். ஒற்றை அளவுக்குப் பெரிய அர்த்தம் கிடையாது. 28-ல் 27, 31-ல் 29, 34-ல் 30 என்று போனால், ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது உறுத்தாது. மூன்றையும் வரைபடத்தில் வைத்தால் கோடு படுப்பது தெரியும். அப்போது ஸ்கேன், கூடவே ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர். வளர்ச்சிக்கான இரண்டு ஸ்கேன்களுக்கு நடுவே குறைந்தது இரண்டு வாரம் வேண்டும், மூன்று இருந்தால் நல்லது. ஸ்கேன் சொல்லும் எடையில் பத்துப் பதினைந்து சதவீதப் பிழை இருப்பதால், அடுத்தடுத்த வாரம் எடுத்தால் பிழையைத்தான் அளப்போம். இரட்டைக் குழந்தை, பெரிய ஃபைப்ராய்டு (கர்ப்பப்பைக் கட்டி), அதிக உடல் எடை என்றால் டேப்பை நம்பாமல் நேராக ஸ்கேன்தான்.

இந்த இடத்தில்தான் நம் ஊர் வழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. வளைகாப்பு ஏழாம் மாதம். வளையல் போட்டு அம்மா வீட்டுக்குப் போகும்போது டாக்டரும் மாறுகிறார். வரைபடத்தில் கோடு எழும்பத் தொடங்கும் அதே வாரங்களில் அளப்பவரின் கை மாறிவிடுகிறது. புது ஆஸ்பத்திரியில் முதல் அளவே 32 வாரத்தில் விழுகிறது. அரசுக் கர்ப்பப் பதிவின் பிக்மி நம்பர் கூடவே வரும், ஆனால் தனியார் மருத்துவமனை ஃபைலுக்குள் பென்சிலில் எழுதிய அளவுகள் வராது. வளைகாப்பை நிறுத்தச் சொல்லவில்லை. சீர்வரிசைத் தட்டோடு அந்த ஃபைலின் போட்டோகாப்பியும் போகட்டும்.

குழந்தையின் அசைவைப் பற்றி நேர்மையாகவே பேசவேண்டும், ஏனென்றால் ஆய்வுகள் சங்கடமானவை. எண்ணிக்கை அட்டை கொடுத்து எல்லோரையும் எண்ணவைத்த 1989-ம் ஆண்டின் பெரிய ஆய்வில் இறப்பு குறையவில்லை. பிரிட்டன், அயர்லாந்தின் 33 மருத்துவமனைகளில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில் இறப்பு ஆயிரத்துக்கு 4.40-லிருந்து 4.06-க்கு வந்தது; தற்செயல் என்று தள்ளிவிடக்கூடிய வித்தியாசம். அப்படியானால் அசைவைக் கவனிப்பது வீணா? இல்லை. எல்லோரையும் தினமும் எண்ண வைப்பதால் பலன் நிரூபணமாகவில்லை. தன் குழந்தையின் வழக்கம் மாறியது தெரிந்து அன்றே வருபவரைச் சோதிப்பது இன்றும் சரியான வைத்தியமே.

வழக்கம் என்று ஒன்று படிவது ஏறக்குறைய 28 வாரத்தில். வயிற்றில் குழந்தை இருபது முதல் நாற்பது நிமிடம் தூங்கும், தொண்ணூறு நிமிடத்தைத் தாண்டுவது அரிது. சந்தேகம் வந்தால் கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள், டிவி வேண்டாம், போன் வேண்டாம். இரண்டு மணி நேரத்தில் உதை, உருளல், நெளியல் எல்லாம் சேர்த்துப் பத்து வரவேண்டும். விக்கல் கணக்கில் சேராது. பத்து வராவிட்டால், வந்தும் மனம் ஒப்பாவிட்டால், அன்றே ஆஸ்பத்திரி, விடியட்டும் என்று இருக்க வேண்டாம். வண்டி இல்லையென்றால் 108. ஐஸ் தண்ணீர் குடித்துப் பார், இனிப்பு சாப்பிட்டுப் பார் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வதில் நேரம்தான் போகும். "பிரசவம் நெருங்கினா குழந்தை அடங்கிடும்" என்பது தப்பு. இடம் குறைவதால் அசைவின் விதம் மாறலாம், எண்ணிக்கை குறையாது. ஆன்லைனில் வாங்கிய டாப்ளர் கருவியை வைத்து வீட்டிலேயே துடிப்பைக் கேட்டுத் திருப்திப்படுவது இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது. கேட்பது அம்மாவின் ரத்தக்குழாயாக இருக்கலாம். குழந்தையுடையதாகவே இருந்தாலும், துடிப்பு இருக்கிறது என்பதற்கு இன்னும் நிற்கவில்லை என்று மட்டுமே பொருள்.

மருத்துவமனையில் முதலில் துடிப்பு, பிறகு வயிற்றில் பெல்ட் கட்டி குறைந்தது இருபது நிமிடம் குழந்தையின் துடிப்பைக் கோடாகப் பதியும் என்எஸ்டி சோதனை. அது சரியாக இருந்தால் அடுத்த ஒரு வாரத்துக்குள் குழந்தை இறக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் 1.9, பனிக்குடநீர் அளவையும் சேர்த்துப் பார்த்தால் 0.8. நல்ல எண்தான். ஆனால் மெதுவாகத் தேயும் நஞ்சைத்தான் இந்தச் சோதனை பிடிக்கும். நஞ்சு திடீரென்று பிரிந்துவிடுவதை இன்று காலை எடுத்த என்எஸ்டி சொல்லாது. நேற்றுதானே பார்த்தார்கள் என்று நினைத்து இன்று குறைந்த அசைவைச் சும்மா விடக்கூடாது.

படுக்கும் நிலை பற்றி நம் வீடுகளில் தேவைக்கு மேல் பயமுறுத்துகிறார்கள். 28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்துத் தூங்கத் தொடங்குபவர்களுக்கு அபாயம் 2.6 மடங்கு என்று 2019-ல் பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்த ஆய்வு சொன்னது. கனத்த கர்ப்பப்பை முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெரிய சிரையை அழுத்துவதுதான் காரணம். ஆனால் அதே ஆய்வில் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை. "இடது பக்கம் மட்டும்தான்" என்று விலா வலிக்க விடிய விடியக் கிடக்க வேண்டாம். நடு ராத்திரி விழித்தால் மல்லாந்திருக்கிறீர்களா? திரும்பிப் படுத்துத் தூங்குங்கள்.

அரிப்பைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் தவறவிடப்படுவது அதுதான். தடிப்போ கொப்புளமோ இல்லாமல், ராத்திரியில் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்தால் அது சூட்டு அரிப்பு இல்லை. பித்தநீர் ஓட்டம் தடைபடுவதாக இருக்கலாம். கல்லீரல் நொதிகளை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தக்கூடாது, ரத்தத்தில் பித்த அமிலத்தின் அளவு வேண்டும், அபாயத்தைச் சொல்வது அந்த எண்தான். 2019-ல் லான்செட்டில் வந்த தொகுப்பின்படி குழந்தை வயிற்றில் இறக்கும் வாய்ப்பு: அந்த அளவு (லிட்டருக்கு மைக்ரோமோல் கணக்கில்) 40-க்குக் கீழே இருந்தால் 0.13 சதவீதம், 40 முதல் 99 வரை 0.28, 100-ஐத் தொட்டால் 3.44. நூறுக்குக் கீழ் இருப்பவருக்கு அபாயம் மற்ற கர்ப்பிணிகளுக்கு இருப்பதுதான், நூறைத் தாண்டினால் முப்பதில் ஒருவர். அதனால்தான் 100-ஐத் தாண்டியவர்களுக்கு 35, 36 வாரத்திலேயே பிரசவம் என்று பிரிட்டிஷ் வழிகாட்டுதல் சொல்கிறது. அரிப்புக்குத் தரும் மாத்திரை அரிப்பைக் கொஞ்சம் அடக்கும். குழந்தையைக் காப்பாற்றுகிறது என்று நிரூபணம் இல்லை. அரிப்பு நின்றது என்று அடுத்த ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்.

பிரஷர் 140/90-ஐத் தொட்டால் என்ன என்பது பலருக்கும் தெரியும். தெரியாதது, அதன் தடுப்பு மருந்துக்கு ஒரு கால எல்லை உண்டு என்பது. அபாயம் கூடிய பெண்களுக்கு 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி 36 வரை தினமும் இரவு 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்த 2017-ம் ஆண்டு ஆய்வில், 37 வாரத்துக்கு முன்பே பிரசவம் பார்க்க வேண்டிய அளவுக்கான பிரஷர் நோய் 4.3 சதவீதத்திலிருந்து 1.6-க்கு இறங்கியது. நஞ்சு வேர்விடும் காலம் அது. ஏழாம் மாதத்தில் தொடங்கிப் பயன் இல்லை. முந்தைய கர்ப்பத்தில் பிரஷர் இருந்திருந்தால் முதல் சந்திப்பிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். சுகருக்கு சென்னையின் டாக்டர் வி. சேஷய்யா முன்வைத்த எளிய முறைதான் நம் அரசு மருத்துவமனைகளில் நடப்பது: சாப்பிட்டிருந்தாலும் சரி, 75 கிராம் குளுக்கோஸ், இரண்டு மணி நேரம் கழித்து 140-ஐத் தொட்டால் சுகர். முதல் முறை சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். சிபிலிஸ் ரத்தப் பரிசோதனையும், நெகட்டிவ் ரத்த வகைக்கு 28 வார ஊசியும் எல்லோருக்கும் வழக்கமாகப் பார்ப்பவை. அட்டையில் டிக் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கொடி சுற்றிவிட்டது என்பதுதான் ஊரில் அதிகம் கேட்கும் காரணம். உயிரோடு பிறக்கும் குழந்தைகளிலேயே நாலைந்தில் ஒன்றுக்குக் கழுத்தில் கொடி சுற்றியிருக்கும். ஸ்கேனில் அதைப் பார்த்து அவசரமாக ஆபரேஷன் கேட்பதும், இழப்புக்குப் பிறகு அதையே விடையாக ஏற்று மற்ற காரணங்களைத் தேடாமல் விடுவதும் ஒரே தவற்றின் இரண்டு முனைகள்.

ஏனென்றால் இழப்பு நடந்துவிட்டால், அடுத்த கர்ப்பத்தின் அபாயம் என்ன என்ற கேள்விக்கான விடை ஓரிரு நாட்களுக்குள் கைநழுவிவிடும். குழந்தையின் ரத்தம் தாயின் ரத்தத்தில் கலந்ததா என்ற சோதனைக்குப் பிரசவத்துக்கு முன்பே ரத்தம் எடுப்பது நல்லது. மூன்று மாதச் சராசரி சுகரும் அப்போதே. ரத்தம் உறையும் கோளாறுக்கான எதிர்ப்பொருள் சோதனை ஒருமுறை பாசிட்டிவாக வந்தால் 12 வாரம் கழித்துத் திரும்பச் செய்தால்தான் செல்லும். இரண்டாவது முறைக்குப் பலர் போவதே இல்லை. எல்லாவற்றையும்விட அதிகம் பேசுவது நஞ்சு. அதை எடைபோட்டு, ஃபார்மலினில் போட்டு, நோயியல் ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். பிரசவ அறையில் யாரும் கேட்காவிட்டால் அது கழிவு வாளிக்குப் போகும். வீட்டுக்குக் கொடுத்தால் குழிதோண்டிப் புதைத்துவிடுவார்கள். தாயால் அந்த நேரத்தில் இதைக் கேட்க முடியாது. கூட நிற்கும் அக்காவோ கணவரோ மாமியாரோ, "நஞ்சை டெஸ்ட்டுக்கு எடுத்து வையுங்க" என்று செவிலியரிடம் பிரசவத்துக்கு முன்பே சொல்லி வைக்க வேண்டும்.